குழுவாக மான் வேட்டை: முதல் கூட்டத்திலிருந்து கறி பிரிக்கும் வரை

தனியாக வேட்டைக்குப் போகிறவருக்கு ஒரே கேள்விதான்: மான் எங்கே? அண்ணன், மைத்துனர், மகள், கல்லூரிக் கால நண்பர்கள் என்று ஆறு பேர் சேர்ந்து போனால் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி வந்து நிற்கும்: நம் ஆட்கள் எங்கே? இதற்கு எந்த நொடியிலும் பதில் தெரிந்திருந்தால் வேட்டை நல்லபடியாக நடக்கும். தெரியாத நொடியில், மான் பத்தடி தூரத்தில் வந்து நின்றாலும் துப்பாக்கி தோளுக்குப் போகக்கூடாது. கீழே வரும் படிகளில் பாதி, அந்தப் பதிலைக் கைவசம் வைத்திருப்பதற்கான ஏற்பாடுதான்.

இன்னொன்றையும் கூட வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான்கு நாள் வேட்டையில் ஆளுக்கு ஒரு முறை விசையை அழுத்தினாலே அதிகம். மீதி நேரமெல்லாம் நடை, குளிர், காத்திருப்பு, சமையல், அரட்டை. பரபரப்பை எதிர்பார்த்து வருகிறவர் இரண்டாம் நாளே தூக்கம் வந்து எழுந்து நடமாட ஆரம்பிப்பார். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

1. சட்டமும் காகிதமும்

மான் வேட்டைக்கு எல்லா நாட்டிலும் அனுமதி கிடையாது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அங்கே இந்த யோசனையே வேண்டாம். அமெரிக்கா, கனடா, சுவீடன், ஜெர்மனி, நியூசிலாந்து போன்ற நாடுகளில் உரிய அனுமதியோடு வேட்டையாடலாம். இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட இடங்களில் இருப்பவர்களுக்கானது. அமெரிக்காவில் குடும்பமாக வேட்டைக்குப் போவது பரவலாக இருப்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்து வரும்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. எல்லை தாண்டி அடுத்த மாநிலத்திலிருந்து வரும் நண்பர் தன் ஊர் விதியை மனதில் வைத்துக்கொண்டு வருவார். அது உங்கள் காட்டில் செல்லாமல் போகலாம். வேட்டைப் பயிற்சி வகுப்பை முதன்முதலில் கட்டாயமாக்கியது நியூயார்க் மாநிலம், 1949-இல். இன்று பெரும்பாலான மாநிலங்களில் புதியவர்கள் அந்தச் சான்றிதழ் இல்லாமல் உரிமம் வாங்க முடியாது. வகுப்பில் இடம் கிடைப்பதற்கே சில வாரங்கள் ஆகலாம். அதனால் இலையுதிர்கால வேட்டைக்குக் கோடையிலேயே பதிந்துவிடுங்கள். குடும்பமே ஒன்றாக உட்கார்ந்து அந்த வகுப்பை எடுப்பது நல்லது. அப்பா ஒருவருக்கு மட்டும் விதி தெரிந்திருந்தால், அவர் தப்பு செய்யும்போது சுட்டிக்காட்ட ஆள் இருக்காது.

உரிமம் வேறு, டேக் வேறு. உரிமம் வேட்டையாடும் அனுமதி. டேக் என்பது ஒரு விலங்குக்கான சீட்டு; அது ஆணா பெண்ணா, எந்தப் பகுதி, எந்தத் தேதிகள் என்பதையும் பல இடங்களில் அதுவே சொல்லும். விலங்கு விழுந்ததும் அந்த இடத்திலேயே டேக்கை நிரப்பிக் கட்ட வேண்டும், அல்லது மாநிலம் சொல்லும் முறையில் பதிய வேண்டும். குழுக்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். 'உன் டேக் மிச்சமிருக்கிறதே, நான் சுட்டதற்குக் கட்டிவிடலாம்' என்பது பெரும்பாலான மாநிலங்களில் சட்டவிரோதம். விஸ்கான்சின், மினசோட்டா போன்ற சில மாநிலங்கள் மட்டும் குழு வேட்டை என்ற பெயரில் சில நிபந்தனைகளோடு அதை அனுமதிக்கின்றன. உங்கள் மாநிலத்தின் இந்த ஆண்டு விதிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் பிரித்து எல்லோர் முன்னாலும் வாசித்துவிடுங்கள்.

சுடும் நேரம் பெரும்பாலான மாநிலங்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பு தொடங்கி, அஸ்தமனத்துக்கு அரை மணி நேரம் பின்பு முடியும். ஒளிரும் ஆரஞ்சு உடை பல மாநிலங்களில் கட்டாயம். சில இடங்களில் ஒளிரும் இளஞ்சிவப்பும் செல்லும். உங்கள் இடத்தில் கட்டாயம் இல்லாவிட்டாலும், துப்பாக்கி வேட்டையில் தொப்பியும் மேல்சட்டையும் ஆரஞ்சில் இருக்கட்டும். மான் பயந்துவிடும் என்ற கவலை வேண்டாம். மானின் கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் நமக்குத் தெரிவது போல எடுப்பாகத் தெரியாது. நீல நிறத்தைத்தான் அது கூர்மையாகப் பார்க்கும். ஆரஞ்சு சட்டையைவிட நீல ஜீன்ஸ்தான் காட்டிக்கொடுக்கும்.

2. யார் வருகிறார்கள், யார் சொன்னால் கேட்பார்கள்

குழுவுக்கு ஒரு தலைவர் வேண்டும். சுவீடனில் மூஸ் என்னும் பெரிய மானை வேட்டையாடும் குழுக்களில் வேட்டைத் தலைவர் என்று ஒருவர் இருப்பார். யார் எந்த இடத்தில் நிற்பது, எதைச் சுடலாம், எப்போது தொடங்குவது, எப்போது முடிப்பது எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும். நாள் முடியும்வரை அவரோடு வாதம் கிடையாது. நம் குடும்பங்களில் மூத்தவர்தான் தலைவர் என்று தானாகவே முடிவாகிவிடும். அது எப்போதும் சரிவராது. அந்தக் காட்டை நன்றாகத் தெரிந்தவர், 'வேண்டாம்' என்று பெரியவர்களிடமும் சொல்லக்கூடியவர், இந்த இரண்டும் சேர்ந்தவர்தான் தலைவர். அது இருபத்தைந்து வயது மருமகளாகவும் இருக்கலாம். மாமாவுக்குக் கொஞ்சம் கசக்கும். காட்டுக்குள் போன பிறகு கசப்பதைவிட வீட்டில் கசப்பது மேல்.

முதல் முறை போகும் குழுவில் துப்பாக்கிகள் மூன்று, நான்குக்கு மேல் வேண்டாம். ஆறு பேர் வந்தால் இரண்டு பேருக்கு ஒரு துப்பாக்கி. ஒருவர் சுடும் இடத்தில் இருப்பார், மற்றவர் பைனாகுலரோடு பக்கத்தில் இருப்பார். அரை நாளுக்கு ஒரு முறை மாறிக்கொள்ளலாம். புதியவர்களுக்கு இதைவிடச் சிறந்த பள்ளி கிடையாது. மானைப் பார்க்கும் பதற்றம் எப்படி இருக்கும், அதில் என்ன தப்பு நடக்கும் என்பதைக் கையில் துப்பாக்கி இல்லாமலே அவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் வயதைவிட ஒரு சின்னச் சோதனை உதவும். ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார முடிகிறதா? துப்பாக்கிக் குழல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை யாரும் நினைவூட்டாமல் பார்த்துக்கொள்கிறார்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் கூட்டிப் போகலாம். முதல் வருடம் துப்பாக்கி இல்லாமல் வரட்டும். அடுத்த வருடம் ஒரு பெரியவர் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்க, தோட்டா அவர் பையில் இருக்க, சுடும் தருணத்தில் மட்டும் ஏற்றலாம். அந்தப் பெரியவருக்கு அன்று சொந்த வேட்டை கிடையாது. இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்ய முயன்றால் இரண்டுமே கெடும்.

3. துப்பாக்கியும் பயிற்சியும்

துப்பாக்கி ரகம் பற்றி ஆளாளுக்கு மணிக்கணக்கில் பேசுவார்கள். சுருக்கமாகச் சொன்னால், அமெரிக்காவில் பரவலாக இருக்கும் வெள்ளைவால் மானுக்கு .243 வின்செஸ்டர் என்ற தோட்டா ரகம் போதும். அதன் உதை குறைவு என்பதால் சிறியவர்களுக்கும் புதியவர்களுக்கும் ஏற்றது. மூஸ், அதைவிடச் சற்றுச் சிறிய எல்க் மான் போன்ற பெரிய விலங்குகளுக்கு .308, .30-06 போன்றவை. சில பகுதிகளில் ரைஃபிளுக்கே அனுமதி இல்லை, ஒற்றைக் குண்டு போட்ட ஷாட்கன் மட்டும்தான். அதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தோளுக்குப் பயம் வந்த துப்பாக்கியால் யாரும் நேராகச் சுட மாட்டார்கள். பெரிய ரகம் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு சுடுவதைவிடச் சிறிய ரகத்தைப் பழகிச் சுடுவது மானுக்கும் நல்லது.

மானின் நெஞ்சில் உயிர்நிலை இருக்கும் பகுதி சுமார் 20 முதல் 25 சென்டிமீட்டர் அகலம், அதாவது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. சுடும் தளத்தில் மேசையில் வைத்து ஸ்கோப்பை, அதாவது துப்பாக்கி மேல் பொருத்திய குறிபார்க்கும் தொலைநோக்கியைச் சரிபார்த்த பிறகு, மேசையை விட்டு எழுந்துவிடுங்கள். உட்கார்ந்து, மண்டியிட்டு, மரத்தில் சாய்ந்து, கோல் வைத்து என்று காட்டில் கிடைக்கும் நிலைகளில் அந்தத் தட்டு அளவு இலக்கைச் சுட்டுப் பாருங்கள். பத்துக்குப் பத்தும் தட்டுக்குள் விழும் தூரம்தான் உங்கள் தூரம். அது 80 மீட்டர் என்றால் 80 மீட்டர். ஒவ்வொருவரும் தன் தூரத்தைக் குழு முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அதைத் தாண்டிச் சுட வெட்கமாக இருக்கும். அந்த வெட்கம் உபயோகமானது.

தோட்டாவில் ஈயம் இல்லாத செம்புக் குண்டுகள் கிடைக்கின்றன. ஈயக் குண்டு உடம்புக்குள் உடைந்து, கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகக் காயத்திலிருந்து தள்ளியும் பரவும். எக்ஸ்ரே எடுத்தால் தெரியும். அந்தக் கறியைச் சாப்பிடப்போவது சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும்கூட என்றால் செம்புக்கு மாறுங்கள்.

நான்கு விதிகளை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். எந்தத் துப்பாக்கியும் தோட்டா ஏற்றியதுதான் என்று நினை. சுட விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே. முடிவு செய்யும்வரை விரல் விசைக்கு வெளியே. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். நாலாவதுதான் குழு வேட்டையின் உயிர். ரைஃபிள் குண்டு நாலைந்து கிலோமீட்டர்கூடப் போகக்கூடியது. மேட்டின் உச்சியில், வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் மான் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது சுடக்கூடாத மான்.

4. காட்டைப் படிப்பது

வேட்டைக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னால் ஒரு நாள் குடும்பத்தோடு நடந்து பாருங்கள். குளம்படி, புழுக்கை, கொம்பால் உரசிய மரப்பட்டை, காலால் மண்ணைக் கிளறிய இடம், புல் அமுங்கிய படுக்கை இவையெல்லாம் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் குறியுங்கள். மான் படுக்கும் இடத்துக்கும் மேயும் இடத்துக்கும் நடுவில் உள்ள வழியைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம். விடியலில் மேய்ச்சலிலிருந்து படுக்கைக்கும், சாயங்காலம் படுக்கையிலிருந்து மேய்ச்சலுக்கும் அது அந்த வழியில் போகும். பிள்ளைகள் இந்த வேலையில் பெரியவர்களைவிடக் கெட்டிக்காரர்கள். அவர்கள் கண் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

காற்று இல்லாமல் இந்தக் கணக்கு முழுமையாகாது. மானின் மூக்கை ஏமாற்ற எந்த வாசனைத் தடுப்பானாலும் ஆகாது என்பது என் கருத்து. காற்று மானிடமிருந்து உங்களை நோக்கி வர வேண்டும். மலைப்பாங்கான இடத்தில் இன்னொரு நுட்பம் உண்டு: காலை வெயில் ஏற ஏறக் காற்று சரிவில் மேலே போகும், சாயங்காலம் குளிரக் குளிரக் கீழே இறங்கும். அதனால் காலையில் மேலேயும் மாலையில் கீழேயும் உட்காருவது வழக்கம். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு காற்றுத் திசைகளுக்கு ஏற்ற மாற்று இடம் ஒன்று குறித்து வையுங்கள். மாற்று இடத்தையும் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். காற்று மாறியது என்று ஒருவர் தானாக நூறு மீட்டர் நகர்ந்தால், மற்றவர்கள் மனதில் இருக்கும் வரைபடம் அந்த நிமிடமே பொய்யாகிவிடும்.

5. முந்தின இரவுக் கூட்டம்

இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அல்ல, முன்னால். வரைபடத்தை மேசையில் விரித்து ஒவ்வொருவர் இடத்தையும் பேனாவால் குறியுங்கள். பிறகு ஒவ்வொருவரையும் விரல் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள்: 'நான் இங்கே. என் இடப்பக்கம் இவர், இத்தனை மீட்டர். வலப்பக்கம் அவர். நான் இந்தப் பாறையிலிருந்து அந்தக் காய்ந்த மரம் வரை மட்டும் சுடுவேன்.' தலைவர் சொல்லிக்கொடுத்துத் தலையாட்டினால் போதாது. அவரவர் வாயால் வர வேண்டும். எங்கள் குழுவில் ஒரு முறை, எல்லாம் புரிந்தது என்று தலையாட்டிய நண்பர் விரலை வைத்தது ஓடைக்கு எதிர்க்கரையில். சிரித்தோம். ஆனால் அன்று இரவு யாருக்கும் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அந்தக் கூட்டத்தில் முடிவாக வேண்டியவை இன்னும் சில உண்டு. எத்தனை மணிக்கு இடத்தில் உட்கார வேண்டும், எத்தனை மணிக்கு எழ வேண்டும். அதற்கு முன்னால் யாரும் எழுந்து நடக்கக்கூடாது, சுட்டவரும்கூட. அவசரம் என்றால் மூன்று விசில். மூன்று என்பது உதவி கேட்கும் அடையாளமாகப் பொதுவாக எல்லோருக்கும் தெரிந்தது. கைப்பேசியை நம்ப வேண்டாம். சில இடங்களில் வேட்டையின்போது வாக்கி-டாக்கி பயன்படுத்தவும் தடை உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். காட்டுக்கு வராத ஒருவரிடம், எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மது பற்றி நீட்டி முழக்க எதுவும் இல்லை. துப்பாக்கிகள் காலியாகி, பூட்டப்பட்டு, சாவி தலைவரிடம் போன பிறகு. காலையில் தலை கனக்கும் அளவுக்கு அப்போதும் கூடாது.

6. விடியற்காலை

இருட்டில் நடக்கும்போது துப்பாக்கியில் தோட்டா இருக்கக்கூடாது. டார்ச் எரியட்டும், மானுக்குத் தெரிந்தால் தெரியட்டும், மற்ற வேட்டைக்காரர்களுக்கு நீங்கள் மனிதர் என்று தெரிவதுதான் முக்கியம். வேலி தாண்டும்போது ஒருவர் இரண்டு துப்பாக்கிகளையும் காலி செய்து வைத்துக்கொள்ள, மற்றவர் தாண்டுவார். அப்புறம் கைமாற்றம்.

உடையில் பருத்தி வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, உட்கார்ந்த பத்தாம் நிமிடம் பல் அடிக்கும். கம்பளியோ செயற்கை இழையோ இரண்டு மூன்று அடுக்காக. நடக்கும்போது ஒன்றைக் கழற்றிப் பையில் வைத்து, உட்கார்ந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குக் குளிர்ந்தால் அன்றைய வேட்டை முடிந்தது என்று பொருள். இழுத்துப் பிடித்து உட்கார வைக்காதீர்கள். அடுத்த வருடம் வர மாட்டார்கள்.

மரப் பரணில் ஏறுகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். மான் வேட்டையில் பலத்த காயம் பட்டு வருகிறவர்களில் நிறையப் பேர் குண்டடி பட்டவர்கள் அல்ல, பரணிலிருந்து விழுந்தவர்கள். உடம்பு முழுவதையும் தாங்கும் பாதுகாப்புப் பட்டையைத் தரையை விட்டுக் காலெடுக்கும் முன்பே கயிற்றில் மாட்டி, திரும்பத் தரையில் கால் வைத்த பிறகுதான் கழற்ற வேண்டும். மேலே போய் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் விழுகிறார்கள். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறாதீர்கள். தோட்டா இல்லாமல், குழல் கீழ்நோக்கி இருக்கும்படி கயிற்றில் கட்டி, மேலே உட்கார்ந்த பிறகு தூக்குங்கள். பழைய பரணின் பட்டைகளை வருடா வருடம் மாற்றுங்கள்; வெயிலும் மழையும் நைலானைத் தின்றுவிடும்.

7. காட்டைக் கலைத்து விரட்டுவது

சிலர் காட்டுக்குள் நடந்து மான்களைக் கலைக்க, மற்றவர்கள் அவை வெளியேறும் வழியில் நிற்பது பழைய முறை. கூட்டமாகச் செய்ய ஏற்றது, உற்சாகமானது. குழு வேட்டையில் மிக ஆபத்தானதும் இதுதான். முதல் இரண்டு வருடங்களுக்கு இதைத் தொடாதீர்கள் என்பேன். பிள்ளைகள் துப்பாக்கியோடு இருக்கும் நாளில் எப்போதுமே வேண்டாம்.

செய்வதென்றால் ஒழுங்கு இது. நிற்பவர்கள் முதலில் போய் இடத்தில் நிற்பார்கள். எல்லோரும் நின்றாகிவிட்டது என்று தலைவருக்கு உறுதியான பிறகுதான் கலைப்பவர்கள் அடியெடுப்பார்கள். கலைப்பவர்கள் கையில் துப்பாக்கி வேண்டாம். நிற்பவர்கள் கலைப்பவர்கள் வரும் திசையில் சுடவே கூடாது. மான் தங்கள் வரிசையைத் தாண்டி வெளியே போன பிறகு, வெளிப்பக்கமாக மட்டும். ஓடும் மானைக் குழலால் தொடர்ந்துகொண்டே வரிசையில் நிற்கும் அடுத்தவர் மேல் குழல் திரும்பிவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தப்பு. நிற்கும் இடத்தின் இரண்டு பக்கமும் தரையில் ஒரு குச்சி நட்டுக்கொண்டால், எல்லை கண்ணுக்குத் தெரியும். முடிந்தது என்று தலைவர் ஊதும்வரை எவரும் இடத்தை விட்டு நகரக்கூடாது, விழுந்த மான் கண்ணெதிரே கிடந்தாலும்.

இதைவிட மெதுவான ஒரு வழி எனக்குப் பிடிக்கும். ஒரே ஒருவர் துப்பாக்கி இல்லாமல் உலாவப் போவது போலப் புதருக்குள் மெல்ல நடப்பார். மான் தலைதெறிக்க ஓடாது. எழுந்து, நின்று திரும்பிப் பார்த்து, பழகிய வழியில் நடந்து போகும். காத்திருப்பவருக்கு நிற்கும் மான் கிடைக்கும்.

8. சுடும் தருணம்

மான் வந்துவிட்டது. இதயம் காதில் அடிக்கும், கை நடுங்கும். பல வருடம் போனவர்களுக்கும் இது வரும். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். மூச்சை வெளியே விட்டு, விரலை வெளியே வைத்துக்கொண்டு, மூன்று கேள்விகள்: இது என் டேக்கில் உள்ள விலங்குதானா? பின்னால் மண் இருக்கிறதா? என் ஆட்கள் எல்லோரும் எங்கே இருக்கிறார்கள்? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு ஸ்கோப். யார் என்ன என்று பார்ப்பதற்கு ஸ்கோப்பைப் பயன்படுத்தாதீர்கள், அதற்குத்தான் பைனாகுலர். ஸ்கோப்பில் நண்பரின் முகத்தைப் பார்த்தவர், குழலையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறார்.

பக்கவாட்டில் நிற்கும் மான்தான் நல்ல இலக்கு. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. அங்கே இரண்டு நுரையீரலும், கீழ் ஓரத்தில் இதயமும் இருக்கின்றன. சற்றே விலகிப் போகும் கோணத்தில் நின்றால், எதிர்ப்பக்க முன்னங்காலுக்குக் குண்டு போய்ச் சேருவது போலக் குறிபார்க்க வேண்டும். முகத்துக்கு நேராக நிற்பது, பின்பக்கம் காட்டுவது, ஓடுவது, தலை, கழுத்து எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். தாடை உடைந்து தப்பி ஓடிய மான் பல நாள் பட்டினி கிடந்து சாகும்.

பிள்ளை சுடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசவேண்டிய வார்த்தை ஒன்றுதான்: 'அவசரம் இல்லை.' மான் போய்விட்டால் போகட்டும். சுடாமல் விட்டதற்காக யாரையும் அன்று இரவு கேலி செய்யக்கூடாது என்பதையும் முந்தின இரவே சொல்லி வையுங்கள். கேலிக்குப் பயந்து சுடப்படும் குண்டுகள் நிறைய.

9. சுட்ட பிறகு

எழாதீர்கள். மான் நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ணில் பட்ட இடத்தையும் ஏதாவது ஒரு மரத்தோடு சேர்த்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பட்ட மானும் நூறு மீட்டர் ஓடலாம். அரை மணி நேரமாவது காத்திருப்பது வழக்கம்; கூட்டத்தில் முடிவான எழும் நேரம் அதற்கும் பின்னால் என்றால் அதுவரை. உடனே பின்னால் போனால், படுக்க இருந்த மான் எழுந்து இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓடும்.

பிறகு, மான் நின்ற இடத்தில் ரத்தம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். இளஞ்சிவப்பாக நுரையோடு இருந்தால் நுரையீரல், பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரலாக இருக்கலாம். மூன்று நான்கு மணி நேரம் விட்டுவிட வேண்டும். பச்சையோ பழுப்போ கலந்து நாற்றம் அடித்தால் வயிறு அல்லது குடல். எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். மனசு கேட்காது. ஆனால் அந்த மானை மீட்க அதுதான் வழி.

தேடப் போவது இரண்டு பேர் மட்டும். ஒருவர் தடம் பார்ப்பார். இன்னொருவர் கடைசியாக ரத்தம் கண்ட இடத்திலேயே நிற்பார். அடுத்த சொட்டு கிடைத்ததும்தான் அவர் நகர்வார். ஆறு பேரும் ஆர்வத்தில் இறங்கினால் இலைகளில் இருந்த தடம் எல்லாம் காலில் ஒட்டிப் போய்விடும். மற்றவர்கள் எங்கே இருப்பது என்று தலைவர் புதிதாகச் சொல்ல வேண்டும், பழைய வரைபடம் இப்போது செல்லாது. மானை முதுகுப் பக்கமாக நெருங்கி, நீளக் குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமைத்தால் உயிர் இருக்கிறது. இல்லையென்றால் துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு டேக்.

10. குடல் எடுப்பது

கறி கெடுவதற்குக் காரணம் சூடு, ஈரம், அழுக்கு. உள்ளுறுப்புகளை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் உடம்பு ஆறும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மானை மல்லாக்கப் படுக்க வைத்து, தலை சற்று மேடான பக்கம் இருக்கட்டும். ஆசனவாயைச் சுற்றி வட்டமாக அறுத்து, நூலால் கட்டிவிடுங்கள். பின், மார்பெலும்பு முடியும் இடத்தில் தோலைச் சிறிதாகக் கீறி, இரண்டு விரலை உள்ளே விட்டு, நடுவில் கத்தியின் கூர்ப்பக்கம் மேலே பார்க்க, கீழ்நோக்கி அடிவயிறு வரை கொண்டுபோங்கள். விரல்கள் குடலை அழுத்திப் பிடித்திருப்பதால் கத்தி அதைத் தொடாது. அவசரப்படுகிறவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். குடலோ மூத்திரப்பையோ கிழிந்தால் அந்தப் பக்கத்துக் கறியை வெட்டி எறிய வேண்டியிருக்கும்.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் சவ்வை விலா எலும்பை ஒட்டி அறுத்து, கையை உள்ளே விட்டு மூச்சுக்குழாயை எட்டும் உயரத்தில் துண்டித்தால், எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் கீழே கொண்டுவரலாம். உடம்பைக் கவிழ்த்து ரத்தத்தை வடியவிடுங்கள். ஒருவர் கால்களைப் பிடிக்க, ஒருவர் அறுப்பது எளிது. ஒரே நேரத்தில் இரண்டு கத்திகள் உள்ளே போகக்கூடாது. பார்க்க விரும்பாத பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம், பார்க்க ஆசைப்படுகிறவர்களை விரட்டவும் வேண்டாம். ஈரல் எது, நுரையீரல் எது, குண்டு எங்கே போனது என்று காட்டினால் அடுத்த முறை எங்கே குறிபார்க்க வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

11. எல்க், மூஸ் போன்ற பெரிய உருப்படிகள்

மானை இரண்டு பேர் இழுத்து வந்துவிடலாம். ஆண் எல்க் 300 கிலோ இருக்கும், மூஸ் அதையும் தாண்டும். விழுந்த இடத்திலேயே தோலுரித்து, முன்சப்பை, பின்தொடை என்று துண்டு போட்டு, முதுகில் சுமந்துதான் கொண்டுவர வேண்டும். எலும்போடு ஒரு பின்தொடையே 25 கிலோவுக்கு மேல். வண்டி நிற்கும் இடம் மூன்று கிலோமீட்டர் என்றால், மூன்று பேர் ஆளுக்கு இரண்டு நடை. அதனால் சுடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இங்கே வேறு: இங்கிருந்து சுமக்க ஆள் இருக்கிறதா? நண்பர்களைக் கூட்டிப் போவதன் முழுப் பலன் இந்த இடத்தில்தான் தெரியும்.

கரடி நடமாடும் காடு என்றால் குடல் குவியலிலிருந்து கறியைத் தள்ளி, நாலாபக்கமும் பார்வை கிடைக்கும் இடத்தில் வையுங்கள். ஒருவர் அறுக்கும்போது இன்னொருவர் கரடியை விரட்டும் ஸ்பிரேயோடு சுற்றிலும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். காட்டுப்பன்றியும் கரடியும் கிடைத்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அவற்றின் கறியில், சரியாக வேகாமல் சாப்பிட்டால் தொற்றும் டிரைக்கினெல்லா என்ற புழுவும் இருக்கக்கூடும். நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தாண்டும்வரை வேக வேண்டும். உறையவைத்தால் சாகும் என்று நம்ப வேண்டாம், குளிரைத் தாங்கும் வகைகளும் அதில் உண்டு.

12. கறி ஆறுவதும் பிரிப்பதும்

கறி 4 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். வெளியே குளிராக இருந்தால் தோலோடு நிழலில் தொங்கவிடலாம். வெயில் நாள் என்றால் உடனே தோலுரித்து, துண்டு போட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் வையுங்கள். பனிக்கட்டி பையில் இருக்கட்டும். உருகிய தண்ணீரில் கறி ஊறக்கூடாது. இடுப்பு எலும்பை ஒட்டிய பகுதிதான் கடைசியாக ஆறும், முதலில் கெடும். குண்டு பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள்.

மான்களுக்கு வரும் சி.டபிள்யூ.டி. என்ற மூளை நோய் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். 1967-இல் கொலராடோவில் ஆராய்ச்சிக்காக அடைத்து வளர்த்த மான்களில் முதலில் கவனிக்கப்பட்டது; இன்று அமெரிக்காவில் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. மெலிந்து தள்ளாடும் மானைச் சுடாதீர்கள், வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள். நோய் தொற்றியும் வெளியே தெரியாத மான்கள் உண்டு என்பதால், நோய் உள்ள பகுதி என்றால் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். மூளை, தண்டுவடம், கண், மண்ணீரல், நிணநீர்க் கட்டிகள் எதையும் சாப்பிடக் கூடாது. முதுகெலும்பை ரம்பத்தால் அறுக்காமல் கறியை எலும்பிலிருந்து கத்தியால் பிரித்தெடுங்கள். முழு உடலையும் தலையையும் மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோகப் பல இடங்களில் தடை இருக்கிறது. இந்த நோய் மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோய் உறுதியான மானின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை.

பங்கு எப்படி என்பதை வேட்டைக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். எங்கள் பழக்கம்: சுட்டவர், தடம் பார்த்தவர், சமைத்தவர் எல்லோருக்கும் சமப் பங்கு, கொம்பு மட்டும் சுட்டவருக்கு. அப்படிச் செய்தால் நல்ல இடத்துக்காக யாரும் சண்டை போடுவதில்லை. பிறருக்குக் கொடுக்கும் கறியோடு டேக் எண் எழுதிய சீட்டு வைக்க வேண்டும் என்ற விதியும் சில மாநிலங்களில் உண்டு.

பொட்டலம் கட்டும்போது ஒவ்வொன்றிலும் தேதி, உறுப்பு, எந்த மான் என்ற எண், மூன்றையும் அழியாத பேனாவால் எழுதுங்கள். இரண்டு மான்களின் கறியை ஒன்றாக அரைக்காதீர்கள். பரிசோதனை முடிவு வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அதுவரை எல்லாம் ஒரே உறைபெட்டியில் இருக்கட்டும். முடிவு வந்த பிறகு ஆளுக்கொரு பையாக எடுத்துக்கொண்டு போகலாம்.